மாயமும் காதலும்



இளைஞர்கள் இன்று விரும்பிப் படிக்கும் ஆங்கில நாவல்களில் ஒருவகை உண்டு. மானிடப் பெண் ஒருத்தி, அவளை நாடிவரும் மானிடன் அல்லாத ஓர் இளைஞன், இருவர்க்கும் இடையே மந்திரமும் சாபமும் நிறைந்த ஒரு மறைவுலகம். இவையே அவற்றின் அடிப்படை. அவற்றுள் சில, அயர்லாந்து நாட்டுப் பழங்கதைகளின் சாயலில் எழுந்தவை. அமெரிக்க எழுத்தாளர் மேகி ஸ்டீஃப்வேட்டர் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லமென்ட்’ அத்தகையது. யாழிசையில் வல்ல ஓர் இளம்பெண்ணைக் கொல்லுமாறு மறைவுலகின் அரசி ஓர் இளைஞனை ஏவுகிறாள். அவனோ அப்பெண்மீதே காதல் கொண்டுவிடுகிறான்.

இவையெல்லாம் வீண்கதைகள் என்று ஒதுக்கிவிடும் பெரியோர் உளர். ஒதுக்குதல் எளிது, அதனால் படிப்பவர் தொகை குறைவதில்லை. நல்லதையும் போலியையும் பிரித்தறிய ஓர் அளவுகோலை இளைஞர் கையில் கொடுப்பதே ஆசிரியர் கடமை. அந்த அளவுகோல் இதுதான்: கதையில் வரும் மாயம் வாழ்வின் உண்மைகளை நமக்கு விளக்குகிறதா, அன்றி நம் கண்ணிலிருந்து மறைக்கிறதா?

முதலில் அயர்லாந்தின் கதை ஒன்றையே பார்ப்போம். ஃபின் என்னும் வீரர் தலைவனின் மகன் ஓஷீன். நீவ் என்னும் தேவமகள் வெண்குதிரைமீது வந்து, மூப்பும் சாக்காடும் இல்லாத இளமை நாட்டிற்கு அவனை அழைத்துச் செல்கிறாள். சில ஆண்டுகளே கழிந்தன என அவன் எண்ணியிருக்க, மண்ணுலகில் 300 ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. சொந்த நாட்டைக் காண விரும்பிப் புறப்படும் அவனிடம், குதிரையினின்றும் இறங்கி நிலத்தில் கால்வைத்தல் கூடாது என்கிறாள் நீவ். வழியில் ஒரு பெருங்கல்லைப் புரட்ட இயலாமல் வருந்துவோரைக் கண்டு, உதவ எண்ணிக் குனிகிறான் ஓஷீன். சேணத்தின் வார் அறுந்து நிலத்தில் விழுகிறான். அக்கணமே தளர்ந்த கிழவனாகிறான். காலத்தை எந்தக் காதலும் வெல்ல இயலாது என்பதை அம்மாயம் நமக்கு விளக்குகிறது. 1923-இல் நோபெல் பரிசு பெற்ற கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ், 1889-இல் வெளியிட்ட தம் நெடும்பாடலுக்குக் கருவாகக் கொண்டது இக்கதையையே.

இனி நம் தமிழுக்கு வருவோம். முற்பிறவித் தொடர்பு, உருமாற்றும் மந்திரம், வான்வழிச் செலவு, சாபத்தால் தீராப்பசி கொண்ட விஞ்சை மகள் ஆகிய அத்தனையும் மணிமேகலைக் காப்பியத்தில் உள்ளன. முற்பிறவியில் கணவனாயிருந்த உதயகுமரன்பால் மணிமேகலையின் நெஞ்சம் செல்லவே செய்தது. எனினும் அவள் அறவழியையே தேர்ந்தாள். அரசகுமரனோ விடாமல் பின்தொடர்ந்தான். அவள் காயசண்டிகையின் வடிவம் கொண்டபோதும் ஐயுற்றுத் தொடர்ந்தான். நள்ளிரவில் அவன் அங்கு வரக் கண்ட காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவியை நாடி வந்தான் எனக் கருதி, அவனை வாளால் வெட்டி வீழ்த்தினான். விரும்பாதவளைத் தொடர்ந்து செல்லுதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை.

இவ்விடத்தில் மாணவர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 2005-இல் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற ‘ட்விலைட்’ நாவலில், குருதி உண்ணும் இனத்தைச் சேர்ந்த நாயகன், நாயகி அறியாமலே இரவில் அவள் அறைக்குள் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்திருக்கிறான். கதை அதனை அன்பின் ஆழமாகக் காட்டுகிறது. மாயப் போர்வையை நீக்கிவிட்டு, நம் தெருவில் வாழும் ஓர் இளைஞன் அவ்வாறு செய்தால் நாம் என்ன சொல்வோம் எனக் கேட்டுப் பாருங்கள். மறைக்கும் மாயம் எது என்பது அப்போது விளங்கும்.

மூன்றாவது கதைக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. எங்கள் சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கூடலூர் சென்றால், தமிழக, கேரள எல்லையிலுள்ள மலையின்மேல் மங்கலதேவி கண்ணகி கோயில் நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரைப் பௌர்ணமியன்று மக்கள் அங்கு ஏறிச் சென்று வழிபடுகின்றனர். மதுரையை நீங்கிய கண்ணகி மலைமேல் வேங்கை நிழலில் நின்றதும், பதினான்காம் நாள் கோவலன் தேவர்களுடன் வந்து அவளை விண்ணுலகு அழைத்துச் சென்றதும் சிலப்பதிகாரம் கூறும் செய்தி. அவ்வற்புதத்தைக் கண்டவர் அரண்மனைவாசிகள் அல்லர், குன்றக் குறவர். கணவனை இழந்த துயரையும் தவறான தீர்ப்பையும் அந்த வானவூர்தி இல்லாததாக்கவில்லை. புகாரில் குலைந்த இல்வாழ்க்கை இம்மண்ணில் மீளவே இல்லை. அதனாலேயே அக்கதை நம் நெஞ்சைவிட்டு அகலாதிருக்கிறது.

காலம், பிறர் மனம், சாவு ஆகிய மூன்றும் மனிதர் கடக்க முடியாத எல்லைகள். நல்ல மாயக்கதை நம்மை அவ்வெல்லைவரை அழைத்துச் சென்று, அங்கே நிற்கச் செய்து, அதன் தன்மையைக் காட்டும். போலிக் கதையோ எல்லையே இல்லை எனப் பொய் சொல்லும். ஆகவே அயல்நாட்டு நாவலாயினும் நம் காப்பியமாயினும், தயங்காமல் படியுங்கள். படித்து முடித்ததும் மேற்கூறிய வினாவைக் கேளுங்கள். விடை கிடைத்தால், அந்நூலை வைத்துக்கொள்வதா, திருப்பித் தருவதா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.