17 வளைவு ஏறினால் போடிமெட்டு!

சைக்கிளில் மலை ஏற ஆசையா? தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டுக்குப் போகலாம். தூரம் சுமார் 26 கிலோ மீட்டர். வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள்!

விடியற்காலையில் புறப்படுவது நல்லது. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளலாம். அதில் வெட்கம் இல்லை. கீழே வெயில் சுடும். மேலே, சுமார் 4,500 அடி உயரத்தில், குளிர்காற்று வீசும்.

மெட்டுக்கு அப்பால் கேரளம். மர நிழலில் ஏலத்தோட்டங்கள். அந்தப் பக்கம் வாடகைக்குத் தங்கும் எளிய வீடுகள் உண்டு.

காட்டுக்குள் தங்கக் கூடாது. தீ மூட்டக் கூடாது. 2018 மார்ச் 11-ந் தேதி, அருகில் உள்ள குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

மறுநாள் இறங்கும்போது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிப்புக் குறையும்.

ஏற்றம் கால்களைச் சோதிக்கும். இறக்கம் பிரேக்கைச் சோதிக்கும்!