பச்சை வயலைப் பார்த்து மயங்காதீங்க!

"டாக்டர், ரிட்டயர் ஆயாச்சு. இனி மதுரை டவுனுக்குள்ள முடியாது. புகை, ஹாரன் சத்தம், காலார நடக்க இடமில்லை. பக்கத்துல அழகா ஒரு சின்ன ஊராப் பார்த்து செட்டிலாகிடலாம்னு இருக்கோம். உடம்புக்கு நல்லதுதானே?"

மாதத்துக்கு நாலு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். "எந்த ஊர்?" என்று நான் முதலில் கேட்பதில்லை. "வீட்டில் யாருக்கு என்ன உடம்பு?" என்றுதான் கேட்பேன். மருந்து மாதிரிதான் ஊரும். ஒருத்தருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருத்தருக்கு ஒத்துக்கொள்ளாது.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். சின்ன வயசிலிருந்தே இழுப்பு உண்டு. என்னிடம் கேட்காமலே சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு வீட்டை வாங்கிவிட்டார். சேமிப்பு முழுக்க அதில் போய்விட்டது. "சொர்க்கம் டாக்டர், வந்து பாருங்க!" என்று ஆவணியில் போன் செய்தார். மார்கழியில் ஒருநாள் விடிகாலை, மூச்சு வாங்க என் வாசலில் நிற்கிறார்!

என்ன நடந்தது? ஒரு பக்கம் வாய்க்கால் ஈரம், ஒரு பக்கம் தோப்பு நிழல். வெயில் படாத சுவரில் பூஞ்சணம். அதோடு அதிகாலைப் பனி. அறுவடை வந்ததும் வைக்கோல் தூசி வேறு. ஊர் மேல் குற்றமில்லை. அந்த ஊர் அந்த உடம்புக்கு இல்லை, அவ்வளவுதான்.

நிலமும் உடம்பும்

நிலத்துக்கும் நோய்க்கும் உள்ள சம்பந்தத்தைச் சித்த மருத்துவம் ரொம்ப காலமாகவே பேசுகிறது. குறிஞ்சி நிலத்தில் காய்ச்சலும் வயிற்றில் கட்டியும் வரும் என்பார்கள். (மலேரியாவில் மண்ணீரல் வீங்குவதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!) பாலையில் வாதம், பித்தம், கபம் மூன்றின் நோய்களும் தங்கும். வயலும் நீரும் சேர்ந்த மருதம்தான் நோய் அண்டாத நல்ல நிலம்.

"அப்படின்னா சோழவந்தான் மருதம்தானே, அவருக்கு ஏன் ஒத்துக்கலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! நூல் சொல்வது பொது விதி. கப உடம்புக்காரர் ஈரத்தில் போய் உட்கார்ந்தால் பொது விதி காப்பாற்றாது.

நாலு திசை, நாலு குணம்

மேற்கு, வடமேற்கு: சோழவந்தான், வாடிப்பட்டி. மதுரையிலிருந்து சுமார் 20, 25 கிலோமீட்டர். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வைகை வழியாக வந்து, பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் விளைகிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை இந்த ஈரத்தில் வளர்வதுதான். சூட்டு உடம்புக்கும், வெயில் தாங்காதவர்களுக்கும் இதம். ஆஸ்துமா, சைனஸ் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

தெற்கு: திருமங்கலம். சுமார் 20 கிலோமீட்டர். கரிசல் பூமி, வறண்ட காற்று. ஈரத்தால் வரும் இழுப்புக்கு இது தேவலாம். ஆனால் வெயில் கடுமை. நிலத்தடி நீரைப் பரிசோதிக்காமல் வீடு வாங்கக் கூடாது.

வடக்கு, வடகிழக்கு: அழகர்கோவில், மேலூர். அழகர் மலையடிவாரத்துக் காற்று அருமை. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட இடம். ஆனால் மேலூர் வட்டாரத்தில் கல் குவாரிகள் நிறைய ஓடியதும் உண்மை. எங்கே போனாலும் பக்கத்தில் குவாரியோ, ஜல்லி உடைக்கும் கிரஷரோ ஓடுகிறதா என்று பாருங்கள். நுரையீரலில் படிந்த கல் தூசியை எந்த லேகியமும் வெளியே எடுக்காது.

மேற்கே இன்னும் தள்ளி உசிலம்பட்டி, சுமார் 40 கிலோமீட்டர். 2010 கடைசியில் நிறுத்திய ரயில், அகலப்பாதையாகி 2022-ல் தேனி வரை ஓட ஆரம்பித்தது. பஸ் குலுக்கல் ஆகாத முதுகுவலிக்காரர்களுக்கு இது நல்ல சேதி.

பிள்ளைகள் சிரிப்பைப் பாருங்கள்!

வீடு பார்க்கப் போகிறவர்கள் தரையையும் மாடியையும் பார்க்கிறார்கள். நீங்கள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் நின்று பிள்ளைகளின் பல்லைப் பாருங்கள். பல பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை, சுண்ணாம்புத் திட்டு இருந்தால், அந்த ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமோ என்று சந்தேகப்படுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வருஷக் கணக்கில் அதிகமாகக் குடித்தால் எலும்பும் மூட்டும் விறைத்துப் போகும். மூட்டுவலி என்று என்னிடம் வந்து தைலம் தேய்த்துப் பிரயோஜனமில்லை.

இன்னொன்று. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் கெட்டிப்படும். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டி, ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்!

குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது என்றும் கேளுங்கள். டிரம்மில் சேமிக்கிற நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். மூடி வைப்பதோடு, வாரம் ஒரு தடவை டிரம்மைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மருந்துக் கடைக்காரரிடமும் பேச்சுக் கொடுங்கள். "இந்த ஊர்ல எந்த மருந்துண்ணே அதிகமா ஓடுது?" இருமல் மருந்தா, வயிற்றுப்போக்குக்கா, இழுப்புக்கா? ஊரின் ஜாதகமே அதில் இருக்கும்.

ராத்திரி 2 மணிக்கு...

சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன். நெஞ்சை அடைத்து வேர்த்துக் கொட்டினால், வாய் கோணி கை விழுந்தால், கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. 2008-லிருந்து 108 வண்டி ஓடுகிறது. ஆனால் அது வந்து, உங்களை ஏற்றிக்கொண்டு மதுரை ராஜாஜி மருத்துவமனை சேர எவ்வளவு நேரமாகும்? நடுவில் ரயில்வே கேட் உண்டா? திருவிழா நாளில் ரோடு அடைபடுமா? ஒருநாள் ராத்திரி காரில் போய்ப் பாருங்கள்.

"பெரிய ஆஸ்பத்திரி வரப்போகுது" என்ற மனை விளம்பரத்தை நம்பி வாங்காதீர்கள். தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். கட்டட வேலை சூடு பிடித்தது 2024-ல்தான். உங்கள் இதயம் அத்தனை வருஷம் காத்திருக்குமா?

முதலில் வாடகை

என் கட்டாய யோசனை ஒன்றே ஒன்றுதான். ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். சித்திரை வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி மழை, மார்கழிப் பனி நாலையும் உடம்பு பார்க்கட்டும். ஊரை அதன் நல்ல மாதத்தில் பார்க்காமல் மோசமான மாதத்தில் பாருங்கள். அந்த மாதத்திலும் ராத்திரி தூக்கம் நன்றாக வந்தால், தாராளமாகப் பத்திரம் எழுதுங்கள்.

மனசையும் மறக்காதீர்கள். நாற்பது வருஷம் ஒரே தெருவில் வாழ்ந்தவருக்குப் புது ஊரில் பேச ஆளில்லை என்றால், சுத்தமான காற்றும் கசக்கும். கோயில், கடை, நாலு தெரிந்த முகம்... எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

அந்த வங்கிக்காரர் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே! தோப்பு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, திருமங்கலத்தில் வாடகைக்கு இருக்கிறார். இன்ஹேலர் தொடர்கிறது, ஆனால் இழுப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. அவர் மனைவிக்குத்தான் தோப்பு நினைப்பு போகவில்லை. "முதல்லயே வாடகைக்குப் போயிருந்தா மனசு இப்படி ஒட்டியிருக்காது டாக்டர்" என்றார் அந்த அம்மா.

அதற்கு என்னிடம் மருந்தில்லை.