வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க

இன்னைக்கு எபிசோட்ல மார்பகப் புற்றுநோய் பத்திப் பேசப் போறோம்.

இதைச் சொல்லும்போது எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது என் பெரியம்மாதான். குளிக்கும்போது மார்பில் சின்னதா ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கு. எட்டு மாசம் யார்கிட்டயும் சொல்லலை. ஏன் பெரியம்மான்னு கேட்டேன். "வலிக்கவே இல்லடி, அதான் விட்டுட்டேன்"னாங்க. டாக்டரைப் பார்த்தப்போ அக்குள் வரைக்கும் பரவியிருந்தது.

இங்கேதான் நாம ஏமாந்து போறோம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதனால வலி இல்லைங்கிறது ஆபத்து இல்லைன்னு அர்த்தம் கிடையாது. அதே சமயம் பயந்துடவும் வேண்டாம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. எது எதுன்னு பரிசோதனைதான் சொல்லும். ஊசி போட்டு சதை எடுத்தா நோய் பரவிடும்னு சொல்றாங்களே, அதை நம்பாதீங்க.

"எங்க குடும்பத்தில் யாருக்கும் இல்லையே"ன்னு சிலர் கேட்பாங்க. பரம்பரை மரபணுவால் வருவது நூற்றில் 5 முதல் 10 பேருக்குத்தான். வயது கூடுவது, சின்ன வயசிலேயே பூப்படைவது, மாதவிடாய் தாமதமா நிற்பது, அதுக்கப்புறம் உடல் எடை கூடுவது, மதுப்பழக்கம், இதெல்லாம் ஆபத்தைக் கூட்டும். தாய்ப்பால் கொடுப்பது கொஞ்சம் குறைக்கும்.

சீக்கிரம் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் இருந்தாத்தான் முடியுமா? மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் வாழும் சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். அதில் பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையாலேயே மார்பகப் பரிசோதனை செஞ்சாங்க. மேமோகிராம் கிடையாது. 2021-ல் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த குழுவில் நோய் முந்தைய கட்டத்திலேயே தெரிஞ்சது. 50 வயதும் அதற்கு மேலும் இருந்த பெண்களில் இந்த நோயால் ஏற்படும் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சிருந்தது. இளம் வயதினரிடம் அந்தப் பலன் தெரியலைங்கிறதையும் சொல்லணும்.

நம்ம ஊர்ல அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனை செய்றாங்க. கட்டி மட்டுமில்ல, தோல் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தம் கசிவது, அக்குளில் வீக்கம், இதில் எது தெரிஞ்சாலும் அடுத்த பரிசோதனை தேதிக்குக் காத்திருக்காம உடனே டாக்டரிடம் போங்க.

பெரியம்மா இன்னைக்கு நல்லா இருக்காங்க. ஆனா ஒரு மார்பகத்தை முழுசா எடுக்க வேண்டியதாப் போச்சு. சீக்கிரம் போயிருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாமோன்னு அவங்களே சொல்வாங்க. இப்ப வீட்டுக்கு வர்ற பெண்கள்கிட்ட காபி கொடுத்துட்டு அவங்க கேட்கிற முதல் கேள்வி, "செக் பண்ணிக்கிட்டியா?"

நீங்களும் உங்க அம்மாகிட்ட இன்னைக்கே அதைக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.