கூரைமேற் சூரியத் தகடுகளும் உருகிகளும்

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1986-இல் தோன்றிய அனெர்ட் நிறுவனம், 2012-13-இல் 10,000 கூரைகளில் மின்கலத்துடன் கூடிய 1 கிலோவாட் சூரிய மின் அமைப்புகளை நிறுவும் திட்டத்தை மேற்கொண்டது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீட்டுத் திட்டத்தின் கீழ் அமைவனவோ மின்வாரியக் கம்பியுடன் இணைக்கப்படுபவை. அவற்றிற் பெரும்பாலானவற்றில் மின்கலம் இல்லை. பியூஸ் எனப்படும் உருகி இவ்விரு வகைகளிலும் ஒரே பணியைச் செய்வதில்லை.

வீட்டு மின்சுற்றில் இரு கம்பிகள் தொட்டுக்கொண்டால் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு உயரும். உருகி உடனே அறும். சூரியத் தகட்டின் இயல்பு வேறு. 540 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் சுமார் 13 ஆம்பியர் தரும். அதன் இரு முனைகளையும் நேராக இணைத்துவிட்டாலும் 14 ஆம்பியருக்கு மேற் செல்லாது. பத்துத் தகடுகளைத் தொடராகக் கோத்தால் மின்னழுத்தம் 400 வோல்ட்டைத் தாண்டுமேயன்றி மின்னோட்டம் மிகாது. ஆதலின் அத்தகைய ஒற்றை வரிசையில் வைத்த 20 ஆம்பியர் உருகி, கம்பி பழுதுற்றுத் தீப்பொறி பறந்தாலும் உருகாமலே இருக்கும். உருகி இருக்கிறதென்னும் நம்பிக்கையே இங்கு ஆபத்தாகும். சிறு தகடு ஒன்றையும் அம்மீட்டரையும் கொண்டு ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பிலேயே காட்டலாம்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வரிசைகளை இணையாகச் சேர்க்கும்போது நிலை மாறும். ஒரு வரிசை பழுதுற்றால் மற்ற இரண்டும் 28 ஆம்பியரை அதனுள் எதிராகச் செலுத்தக்கூடும். தகட்டின் பின்புறம் குறித்த உருகி வரம்பு 25 ஆம்பியராயின் இது அதனை மீறுவதாகும். அப்போது ஒவ்வொரு வரிசைக்கும் உருகி வேண்டும். அதன் அளவு தகட்டின் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமலும், தகட்டில் குறித்த வரம்பைக் கடவாமலும் இருத்தல் முறை.

அவ்வுருகியும் நேர்மின்னோட்டத்திற்கென்றே செய்யப்பட்டதாதல் வேண்டும். மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் மின்பொறி தானே அணையும். நேர்மின்னோட்டத்தில் அத்தகைய இடைவெளி இல்லை. வீடுகளிற் காணும் பீங்கான் உருகிக் கட்டையை இங்குப் பொருத்தினால், கம்பி அற்ற பின்னும் பொறி நீடித்துக் கட்டையே எரியலாம். வெயிலில் மின்சாரம் பாயும்போது உருகியைப் பிடுங்குதலும் கூடாது. முதலில் மாற்றுக்கருவியை நிறுத்தி, பின் நேர்மின் சுவிட்சைத் திறக்க வேண்டும்.

ஆகவே ஒற்றை வரிசை வீடுகளில் காவல் முழுவதும் கம்பியமைப்பையே சார்ந்தது. சாதாரண வீட்டு வயர் வெயிலில் வெடித்து, இரு பருவமழைகளில் நீரை உட்கொள்ளும். சூரிய அமைப்புக்குரிய இரட்டைக் காப்புக் கம்பியே தக்கது. ஒரே நிறுவனத்தின் இணைப்பிகளையே சோடி சேர்க்க வேண்டும். பொருந்தாத சோடி நாளடைவிற் சூடேறும். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் இடி மிகும் ஊராதலால், போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒட்டியே கொண்டுசெல்லுதல் நலம். இடையே வளையம் அகன்றால் மின்னல் தூண்டும் அழுத்தமும் பெருகும்.

மின்கலமுள்ள பழைய அமைப்புகளில் உருகி இன்றியமையாதது. குறுக்குச்சுற்று நேர்ந்தால் மின்கலம் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் கொட்டவல்லது; எனவே உருகி மின்கல முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். உருகிக்கும் மின்கலத்திற்கும் இடைப்பட்ட கம்பிக்கு வேறு காவல் இல்லை. கம்பியின் பருமனும் இங்கு முக்கியம். 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 20 மீட்டர் சென்று மீளும்போது, 10 ஆம்பியருக்கு ஏறத்தாழ 1¾ வோல்ட் இழப்பு உண்டாகும். 400 வோல்ட்டில் இது பொருட்டன்று. 12 வோல்ட்டில் ஏழில் ஒரு பங்கு கம்பியிலேயே வெப்பமாகிப் போகும்.