மதத்தை எண்ணும் நாடுகள், எண்ணத் தயங்கும் நாடுகள்

ஒரு நாட்டில் எந்த மதத்தினர் எத்தனை சதவீதம் என்ற கணக்கு பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. அந்தப் படிவத்தில் மதத்தைக் கேட்பதா வேண்டாமா, கேட்டால் எத்தனை மதங்களுக்கு இடம் தருவது என்பதை அந்தந்த அரசே முடிவு செய்கிறது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளில் நாடாளுமன்ற இடம், திருமணப் பதிவு, அடையாள அட்டை எனப் பலவும் அந்த விடையைச் சார்ந்திருக்கின்றன. எனவே அங்கே எண்ணைப் பார்ப்பதற்கு முன் அது எந்தக் கேள்வியிலிருந்து வந்தது என்று பார்ப்பது அவசியம்.

லெபனானில் அதிகாரபூர்வமான கடைசிக் கணக்கெடுப்பு 1932இல் நடந்தது. அப்போது ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மரோனைட் கிறிஸ்தவர்கள் சுமார் 29 சதவீதம், சன்னி முஸ்லிம்கள் 22, ஷியா முஸ்லிம்கள் 20 என்று கணக்கு வந்தது. எல்லாக் கிறிஸ்தவப் பிரிவுகளையும் கூட்டினால் பாதியைச் சற்றே தாண்டும். 1943இல் சுதந்திரம் வந்தபோது தலைவர்கள் எழுத்தில் இல்லாத ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதன்படி குடியரசுத் தலைவர் மரோனைட்டாகவும் பிரதமர் சன்னியாகவும் இருக்க வேண்டும். சபாநாயகர் பதவி ஷியாக்களுக்கு என்பதும் வழக்கமாயிற்று. நாடாளுமன்ற இடங்கள் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம் என்ற விகிதத்தில் பிரிக்கப்பட்டன.

அதன் பிறகு பிறப்பு விகிதமும் வெளிநாட்டுக் குடியேற்றமும் சமநிலையை மாற்றின. முஸ்லிம்கள் பெரும்பான்மை ஆகிவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மறுபடி எண்ணினால் பங்கீட்டையே திறக்க வேண்டியிருக்கும் என்பதால் யாரும் எண்ணத் துணியவில்லை. 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போரை முடிக்க 1989இல் தாயிஃப் ஒப்பந்தம் வந்தது. அது இடங்களைச் சரிபாதியாக்கியது. இன்று 128 உறுப்பினர்களில் 64 பேர் கிறிஸ்தவர், 64 பேர் முஸ்லிம், துரூஸ் பிரிவினர். அப்போதும் எண்ணவில்லை. இன்று லெபனானின் மத விகிதம் என்று வெளிவருபவை வாக்காளர் பட்டியல் போன்ற ஆவணங்களிலிருந்து கணித்த மதிப்பீடுகள்தான்.

அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற மதப்பிரிவுகள் 18. ஒரு காலத்தில் அடையாள அட்டையிலேயே பிரிவின் பெயர் இருந்தது. போர்க்காலத்தில் பெய்ரூட்டின் சாலைத் தடுப்புகளில் ஆயுதக் குழுக்கள் வண்டிகளை நிறுத்தி, அட்டையை வாங்கிப் பார்த்து, அந்த ஒரு வரிக்காகவே மனிதர்களை இறக்கிச் சுட்டன. போருக்குப் பின் வந்த அட்டையில் அந்த வரி இல்லை. குடிமைப் பதிவேட்டில் மட்டும் தொடர்ந்தது; விரும்புவோர் அதையும் நீக்கிக்கொள்ளலாம் என்ற அனுமதி 2009இல்தான் கிடைத்தது.

மொரீஷியஸ் பழைய கணக்கொன்றை வேறு விதத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1968 அரசியல் சாசனம் மக்களை இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், பொது மக்கள் என நான்கு சமூகங்களாகப் பிரித்தது. முதல் இரண்டும் மதம், மூன்றாவது இனம், நான்காவது மற்ற அனைவரும். தேர்தலில் குறைவாக இடம் பெற்ற சமூகத்தைச் சேர்ந்த, தோற்றவர்களில் நல்ல வாக்கு வாங்கியவர்களுக்கு எட்டு இடங்கள் வரை தரப்படும். சிறுபான்மையினரைக் காக்க வந்த ஏற்பாடு இது. ஆனால் சமூக வாரியாக மக்களை எண்ணியது 1972 கணக்கெடுப்போடு நின்றுவிட்டது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்த எண்ணிக்கையை வைத்தே பங்கீடு நடந்துவந்திருக்கிறது. புதிய கணக்கு இல்லாத நிலையில் வேட்பாளரைத் தன் சமூகத்தை அறிவிக்கச் சொல்வது உரிமை மீறல் என்று 2012இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கூறியது. 2014 தேர்தலுக்கு மட்டும் அந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டது. சமூகத்தைக் கேட்பதை நிறுத்திய அரசு மதத்தைக் கேட்பதை நிறுத்தவில்லை. 2011இல் இந்துக்கள் 48.5 சதவீதம், கத்தோலிக்கர் 26.3, முஸ்லிம்கள் 17.3. அங்குள்ள தமிழ் வம்சாவளியினரில் மதம் என்ற இடத்தில் ‘தமிழ்’ என்றே சொல்பவர்கள் உண்டு. அரசியல் சாசனத்தின் நான்கு பிரிவுகளில் அவர்களும் இந்துக்களே.

ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய மக்கள்தொகை கொண்ட நைஜீரியா 1963க்குப் பிறகு மத விகிதத்தை அதிகாரபூர்வமாக வெளியிட்டதில்லை. அப்போது முஸ்லிம்கள் 47 சதவீதம், கிறிஸ்தவர்கள் 34. 1973 கணக்கெடுப்பு சர்ச்சையில் சிக்கி ரத்தானது. 1991, 2006 படிவங்களில் மதக் கேள்வியே இல்லை. பாதிக்குப் பாதி என்று இன்று சொல்லப்படுவது மாதிரி ஆய்வுகளை வைத்துத்தான்.

இந்தோனேசியா மதத்தைத் தவறாமல் கேட்கிறது; ஆனால் அரசு ஏற்ற மதங்கள் ஆறுதான். இஸ்லாம், புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கம், இந்து, பௌத்தம், கன்பூசியம் என்பது 1965இல் அதிபரின் ஆணை குறிப்பிட்ட வரிசை. சுகார்த்தோ ஆட்சியில் கன்பூசியம் அதிலிருந்து கழன்றது. அதைப் பின்பற்றிய சீனர் பலர் பௌத்தராகவோ கிறிஸ்தவராகவோ பதிந்துகொண்டனர். 2000இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹிதின் காலத்தில் அது திரும்பியது. காலிமந்தான் தயாக் மக்களின் கஹாரிங்கான் வழிபாடு 1980இல் இந்து மதத்தின் பிரிவாகப் பதிவானது. பாலிக்கு வெளியே உள்ள இந்துக்களின் எண்ணிக்கையில் இவர்களும் அடக்கம்.

இப்படி எதிலும் சேராத சும்பா தீவின் மராப்பு, மேற்கு ஜாவாவின் சுந்தா விவிதான் போன்ற மரபினர்தான் அதிகம் துன்பப்பட்டார்கள். 2006 சட்டப்படி அவர்களின் அடையாள அட்டையில் மதத்துக்கான இடம் வெறுமையாக விடப்பட்டது. வெற்றிடத்தைப் பார்த்த அலுவலர் திருமணத்தைப் பதிய மறுப்பார். வேலை தருபவர் நாத்திகரோ என்று சந்தேகிப்பார். எனவே ஏதோ ஒரு மதத்தைப் பெயருக்கு எழுதிக்கொண்டவர்கள் ஏராளம். 2017 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் இதைச் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்த பிறகே அவர்கள் அட்டையில் இறை நம்பிக்கையாளர் என்று குறிக்க வழி பிறந்தது.

இந்தியாவிலும் இதே சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பில் தனிக் குறியீடு பெற்ற மதங்கள் ஆறு. மற்றவை எல்லாம் ‘பிற மதங்கள்’. அந்தத் தொகுப்பில் இருந்த சுமார் 79 லட்சம் பேரில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் தங்கள் மதம் ‘சர்னா’ என்று எழுதியிருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஜார்க்கண்டின் பழங்குடி மக்கள். தனிக் குறியீடு உள்ள சமணர்களின் எண்ணிக்கை அப்போது 44.5 லட்சம். சர்னாவுக்கும் தனிக் குறியீடு கேட்டு ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தக் கோரிக்கையின் நியாயத்தை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

ஒருவருக்கு ஒரே மதம் என்ற அனுமானமும் எல்லா இடத்திலும் செல்லாது. ஜப்பானில் கலாச்சார முகமை மத அமைப்புகளிடமிருந்து திரட்டும் உறுப்பினர் எண்ணிக்கை பல ஆண்டுகள் 18 கோடியைத் தொட்டது. நாட்டின் மக்கள்தொகையோ அப்போது சுமார் 12.6 கோடி. ஷிந்தோ கோயிலும் பௌத்த ஆலயமும் ஒரே குடும்பத்தைத் தத்தம் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினில் இதற்கு நேர்மாறு. 2013இல் வோதுன் மதத்தினர் 11.6 சதவீதம் என்று பதிவானது. ஆனால் கிறிஸ்தவர் என்று பதிந்த பலரும் வோதுன் சடங்குகளை விட்டவர்கள் அல்லர். வோதுனுக்கு அங்கே ஜனவரியில் தேசிய விடுமுறையும் உண்டு.

நாடுகளை ஒப்பிடும் முயற்சியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2014இல் வெளியிட்ட மதப் பன்மைக் குறியீட்டில் சிங்கப்பூர் பத்துக்கு 9 மதிப்பெண் பெற்று முதலிடத்தில் நின்றது. 2020 கணக்கெடுப்பில் அங்கே பௌத்தர் 31 சதவீதம், மதமற்றோர் 20, கிறிஸ்தவர் 19, முஸ்லிம்கள் 16, தாவோ மதத்தினர் 9, இந்துக்கள் 5. முதல் 12 இடங்களில் தைவான், வியட்நாமோடு கினி பிசாவ், டோகோ, ஐவரி கோஸ்ட், பெனின், மொசாம்பிக் ஆகிய ஆப்பிரிக்க நாடுகளும் இருந்தன. நாட்டார் வழிபாட்டைத் தனி மதமாக எண்ணியதே இவை மேலேறியதற்கு முக்கியக் காரணம்.

அந்தக் குறியீடு உலக மக்களை எட்டுத் தொகுப்புகளாக மட்டுமே பார்த்தது. கிறிஸ்தவர் அனைவரும் ஒன்று, முஸ்லிம்கள் அனைவரும் ஒன்று. லெபனானின் 18 பிரிவுகள் அதில் புலப்படா. எத்தியோப்பியாவில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் 1994இல் 50.6 சதவீதம், 2007இல் 43.5 சதவீதம். அதே காலத்தில் புராட்டஸ்டன்டுகள் 10.2இலிருந்து 18.6 ஆனார்கள். அந்நாட்டின் பெரிய மத மாற்றமான இது, கிறிஸ்தவரை ஒரே தொகுப்பாகக் கொள்ளும் கணக்கில் கிட்டத்தட்ட மாற்றமே இல்லாததாகத் தெரியும். 2007க்குப் பிறகு எத்தியோப்பியாவில் கணக்கெடுப்பு பலமுறை தள்ளிப்போடப்பட்டதால், அந்தப் பழைய எண்களே இன்றும் மேற்கோளாகின்றன.