வண்டியைத் தாழ்த்து முன்

அழகு என்பது காலத்துக்குக் காலம் புதுக்கோலம் பூணும். நம் பாட்டனார் காலத்தில் வண்டி உயர்ந்து நிற்பதே பெருமை. வில்லு வண்டிலில் படி வைத்து ஏறியவர்கள் அவர்கள். இன்றைய இளைஞருக்கோ கார் தரையோடு தரையாகப் பதிந்து செல்வதே எழில். இந்த ஆசையைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆனால், ஆசைக்கும் பௌதிக நூலுக்கும் உள்ள உறவையும், ஆசைக்கும் பணப்பைக்கும் உள்ள உறவையும் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்றெனத் தோன்றிற்று. அதற்கு ஒரு நிகழ்ச்சியே காரணம்.

சென்ற விடுமுறையில், நம்மிடம் முன்னர்ப் பயின்ற இளைஞர் ஒருவர் திருகோணமலையிலுள்ள நம் இல்லத்துக்கு ஒரு பழைய மொறிஸ் மைனர் காரில் வந்து இறங்கினார். அவருடைய பாட்டனார் வைத்திருந்த கார் அது.

"சேர், இதை இரண்டு அங்குலம் பதிக்கப் போகிறேன். கையில் இருப்பது சொற்பப் பணம். வில்லைக் காஸ் நெருப்பில் சூடுகாட்டினால் தானே தாழ்ந்துவிடுமாம், செலவும் குறைவாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

"தம்பி, முதலில் ஒரு பாயைக் கொண்டு வாரும், காரின் அடியில் படுத்துப் பார்ப்போம்" என்றோம். அவர் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை. ஏனெனில், நம்மிடமும் ஒரு மொறிஸ் மைனர் உண்டு. அது நமக்குக் கற்பித்த பாடமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இந்தக் கார் பிறந்த கதை

மொறிஸ் மைனரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். 1959 இல் வெளிவந்த மினி காரும் அவர் படைப்பே. 1948 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் ஏள்ஸ் கோர்ட் காட்சியில் மைனர் முதன்முதல் மக்கள் முன் வைக்கப்பட்டது. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்ற சிறப்பும் அதற்குண்டு.

காட்சிக்குச் செல்லுமுன் நிகழ்ந்த ஒரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. மாதிரிக் கார் ஒன்றைப் பார்த்த இசிகோனிஸுக்கு அதன் தோற்றம் ஒடுங்கியதாகப் பட்டது. உடனே அதனை நெடுக்கில் இரு கூறாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியபோது மனம் நிறைந்தது. 57 அங்குல அகலம் 61 அங்குலமாயிற்று. மைனர் காரின் முன்மூடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே.

நம் நாட்டில் இந்தக் கார் இத்தனை காலம் உயிர் வாழ்வதற்குக் காரணம் பற்று மட்டுமன்று, தேவையுந்தான். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி ஒடுக்கப்பட்டது. 2020 மார்ச்சில் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். ஆகவே, இருப்பதைப் பேணுதல் நம்மவர்க்கு வழக்கமாயிற்று. 1990களில் மைனருக்கான உதிரிப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன என்பதையும் மாணவர் அறிந்து மகிழலாம்.

தாழ்த்தினால் என்ன நேரும்?

நமது துறைமுகத்தில் வள்ளம் ஏறியவர் யாவருக்கும் விடை தெரியும். வள்ளத்தில் ஒருவர் எழுந்து நின்றால் அது தள்ளாடும், அமர்ந்தால் அடங்கும். பாரத்தின் மையம் தாழ்ந்ததே காரணம். காரும் அவ்வாறே. வளைவில் திரும்பும்போது உட்சக்கரத்தின் பாரத்தில் ஒரு பகுதி வெளிச்சக்கரத்துக்குச் சாய்கிறது. ஈர்ப்பு மையத்தின் உயரத்தைச் சக்கரங்களின் இடைவெளியால் வகுத்து வரும் ஈவு எவ்வளவோ, அதற்கேற்ப அந்தச் சாய்வு கூடும் அல்லது குறையும்.

கணக்கின் வசதிக்காக ஈர்ப்பு மையம் 20 அங்குல உயரத்திலும், சக்கர இடைவெளி 50 அங்குலமாகவும் உள்ளன என்று கொள்வோம். காரை ஓரங்குலம் தாழ்த்தினால் சாயும் பாரம் நூற்றுக்கு ஐந்து பங்கு குறையும். இசிகோனிஸ் செய்ததுபோல இடைவெளியை 46 இலிருந்து 50 ஆக அகற்றினாலோ நூற்றுக்கு எட்டுப் பங்கு குறையும். அதாவது, ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தாழ்த்திப் பெறவேண்டிய நன்மையை, தரையிலிருந்து உள்ள உயரத்தில் ஓர் இழையும் இழவாமலே அவர் பெற்றுவிட்டார். அகலக் கால் வைக்காதே என்பது நம் முன்னோர் மொழி. காருக்கு மட்டும் அகலக் கால் வைப்பதே அறிவு போலும்!

ஆகவே, தாழ்த்துவதால் நன்மை உண்டு. ஆனால் அது சிறிது. இழப்பு யாது? மைனரின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறத்தாழ ஆறே முக்கால் அங்குல உயரத்தில் உள்ளது. இரண்டு அங்குலம் தாழ்த்தினால் எஞ்சுவது நாலே முக்கால். வீட்டார் நால்வர் ஏறியதும் அது மேலும் குறையும். வேகத் தடை மேடுகளும் புகையிரதக் கடவைகளும் மழையில் அரித்த ஒழுங்கைகளும் நிறைந்த நம் பகுதியில் இது பொருட்படுத்தத் தக்கது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், பாதையில் காரை ஏற்றி இறக்கியவர்கள், அடிப்பாகம் உரசும் ஓசையை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அன்றியும், தாழ்ந்த காரில் அச்சுக்கும் அதனைத் தாங்கும் இறப்பர்க் கட்டைக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். பள்ளத்தில் விழுந்தால் வில் வாங்கவேண்டிய அடியை உடற்சட்டமும் அமர்ந்திருப்போரின் முதுகெலும்பும் வாங்கும்.

சிக்கன வழி எது?

வில்லைச் சூடுகாட்டுவது சிக்கனமன்று, கேடு. உருக்கைப் பக்குவமாய்க் காய்ச்சித் தோய்த்தே வில் செய்கிறார்கள். அதனைக் கண்டபடி சூடேற்றினால் அப்பக்குவம் அழியும். சில இடம் மென்மையாகும், சில இடம் நொறுங்கும். பின்வந்த சிறு கார்களில் உள்ள சுருள் வில்லை அறுப்பதும் இத்தகையதே. எட்டுச் சுற்றில் ஒன்றை அறுத்தால் எஞ்சிய வில் ஏழில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கும். கார் தாழ்வதோடு குலுக்கமும் மிகும். மேடேறி இறங்கும்போது வில் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும்.

மைனரின் முன்புறத்தில் சுருள் வில்லே இல்லை. நீண்ட உருக்குத் தண்டு ஒன்று, ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுகிப் பாரத்தைத் தாங்குகிறது. அதன் பின்முனை பற்களால் ஒரு கையில் பொருந்தியிருக்கிறது. பொருத்தத்தை மாற்றி அமைத்தால் முன்புறம் தாழும்; புதிய பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால், முறுகிய தண்டில் பெருவிசை அடங்கியிருப்பதால், அதனைத் தளர்த்தாமல் கழற்ற முற்படுவது ஆபத்து. பழகிய மெக்கானிக்கே இதனைச் செய்ய வேண்டும். இடத் தண்டை வலத்துக்கு மாற்றவும் கூடாது. ஒரு பக்கமாக முறுகிப் பழகிய உருக்கு மறுபக்கம் நில்லாது.

பின்புறத்தில் இருப்பது, வில்லு வண்டிலில் நாம் கண்ட அதே தகட்டு வில். அச்சுக்கும் வில்லுக்கும் இடையில் ஓரங்குல உலோகக் கட்டையை வைத்து, நீளமான புதிய யூ ஆணிகளால் இறுக்கினால் அவ்வளவு தாழும். வேண்டாதபோது கழற்றிவிடலாம் என்பது இம்முறையின் சிறப்பு. வேலை முடிந்தபின் சக்கரங்களின் நேரொழுங்கையும், முன்விளக்கின் பார்வையையும், பிறேக் குழாய் எங்கும் உரசாமையையும் சோதித்தல் வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் முன்னரே கேட்டறிந்துகொள்வதும் அறிவுடைமை.

பாயில் படுத்துக் கண்டது

நிற்க. இளைஞர் பாயை விரித்தார்; இருவரும் காரின் அடியிற் சென்றோம். கடற்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பின்வில் தொங்கும் இடங்களில் கறள் ஏறியிருந்தது. அதனிலும் பெரிய செய்தி முன்சக்கரத்தில் இருந்தது.

மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, கீழே ஒரு மூட்டினுள் திருகாணிபோலப் புரியோடிப் பொருந்தியிருக்கிறது. காலந்தோறும் கிறீஸ் ஊட்டினால் அது நெடுங்காலம் உழைக்கும். ஊட்டாவிடின் புரி தேயும். ஒருநாள் தண்டு மூட்டை விட்டுக் கழன்று சக்கரம் மடிந்து விழும். இளைஞர் சக்கரத்தை மேலுங்கீழுமாகப் பற்றி அசைத்தார். அது பல்லாடுவதுபோல ஆடிற்று. அவர் முகம் வெளிறியது.

"என் தங்கையை ஒவ்வொரு நாளும் இதில்தான் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்கிறேன், சேர்" என்றார்.

அப்போதுதான் நம் கதையைக் கூறினோம். பல ஆண்டுகளுக்கு முன், காருக்குப் புது வர்ணம் பூச ஒரு மாதச் சம்பளத்தைச் செலவிட்டோம். கிறீஸ் ஊட்டச் சில ரூபா செலவிட எண்ணினோமில்லை. ஒருநாள் மாலை, உட்துறைமுக வீதியில் மெல்லத் திருப்பும்போது இடப்புறச் சக்கரம் மடிந்து கார் முகங்குப்புறச் சாய்ந்தது. மெதுவாகச் சென்றமையால் உயிர் தப்பினோம். புது வர்ணம் மட்டும் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது! தவறு முற்றும் நம்முடையதே.

இளைஞர் தம் பணத்தை முதலில் அந்த மூட்டுகளுக்கும் தண்டுகளுக்கும் செலவிட்டார். அடுத்த மாதச் சேமிப்பில் கறளை அகற்றி ஒட்டுவேலை செய்வித்தார். தேய்ந்த இறப்பர்களை மாற்றினார். சொக் அப்சோபருக்கு எண்ணெய் வார்த்தார். அவ்வளவிலேயே காரின் தள்ளாட்டம் பெரிதும் நின்றுவிட்டது. மூன்றாம் மாதம் முன்னும் பின்னும் ஓரங்குலம் தாழ்த்தினார். இரண்டு அங்குலத்தைப் பற்றி அவர் பின்னர்ப் பேசவில்லை. சென்ற வாரம் தம் தங்கையோடு வந்திருந்தார். கார் பதிந்து, பார்க்க அழகாகவே இருந்தது. நாமும் அதனை மனமார ஒப்புக்கொண்டோம்.

இளைஞர்களே, உங்கள் ஆசைக்கு நாம் தடை சொல்லவில்லை. காரைத் தாழ்த்த விரும்புவோர் முதலில் தாம் தாழ்ந்து, அதன் அடியிற் படுத்துப் பார்த்தல் வேண்டும். அதற்கு ஒரு பாயும் அரைமணி நேரமும் போதும்.