ஐயமும் தெளிவும்: கானோ கற்பித்த பாடம்

நோய் வருமுன் காப்பது தடுப்பு மருந்து. அம்மருந்தைக் குழந்தைக்கு ஊட்டும் துணிவைத் தாய்க்குத் தருவது நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வாறு குலைகிறது, எவ்வாறு மீள்கிறது என்பதற்கு நைஜீரியாவின் கானோ மாநிலம் தக்க சான்றாகும்.

2003 ஆம் ஆண்டில் கானோ உள்ளிட்ட வட மாநிலங்கள் சில போலியோ சொட்டு மருந்தை ஏற்க மறுத்தன. மலட்டுத்தன்மை உண்டாக்கும் பொருள் அதில் கலந்துள்ளது என்னும் வதந்தி பரவிற்று. இதனை வெறும் அறியாமை என ஒதுக்குதல் முறையன்று. 1996 இல் அங்கு மூளைக்காய்ச்சல் பரவியபோது, அயல்நாட்டு மருந்து நிறுவனம் ஒன்று ஏறத்தாழ 200 குழந்தைகளிடம் மருந்தாய்வு நடத்திற்று. அவர்களுள் 11 பேர் இறந்தனர். முறையான ஒப்புதல் பெறப்படவில்லை என வழக்கு எழுந்தது. அவ்வலி ஆறாத நெஞ்சங்களில் வதந்தி எளிதில் வேரூன்றியது.

சொட்டு மருந்துக்குப் பக்க விளைவு இல்லையா? உண்டு. அதில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. மிக அரிதாக, ஏறத்தாழ 27 இலட்சம் தவணைகளுக்கு ஒன்று என்னும் அளவில், அதுவே வாதத்தை உண்டாக்கக் கூடும். மருந்து பெறாதோர் மிகுந்த ஊர்களில் அக்கிருமி நெடுநாள் பரவி மீண்டும் வலிமை பெறுதலும் உண்டு. ஆயினும் இயற்கைப் போலியோக் கிருமியோ, தொற்றிய 200 பேருள் ஒருவருக்கு மீளா வாதத்தை விளைவிக்கிறது. மலட்டுத்தன்மை இம்மருந்தின் விளைவன்று.

2004 ஜூலையில் கானோ தன் மறுப்பைக் கைவிட்டது. சமயத் தலைவர்களோடு நடந்த பேச்சும், முஸ்லிம்கள் பெரும்பான்மையராய் வாழும் இந்தோனேசியாவிலிருந்து தருவிக்கப்பட்ட மருந்தும் அதற்கு வழிவகுத்தன. அதற்குள் நைஜீரியாவில் புறப்பட்ட கிருமி பல நாடுகளுக்குப் பரவியிருந்தது. பத்தாண்டுகள் போலியோ அற்றிருந்த இந்தோனேசியாவிலும் 2005 இல் அது புகுந்து, ஏறத்தாழ 300 பேரைத் தாக்கிற்று. மருந்து தந்து உதவிய நாட்டின் குழந்தைகளே ஐயத்தின் விலையைச் செலுத்தினர் என்பதை எண்ணுங்கால் நம் நெஞ்சம் கனக்கிறது. பின்னர்ப் பல்லாண்டு உழைப்பால், 2020 ஆகஸ்டில் ஆப்பிரிக்க வட்டாரம் இயற்கைப் போலியோ ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இதனால் நாம் அறிவது யாது? பக்க விளைவை மறைத்தால் வதந்தி வளரும். மிகைப்படுத்தினால் நோய் வளரும். நேர்ந்த குறையை மருத்துவரிடம் தெரிவித்தல் பெற்றோர் பொறுப்பு. அதனை ஆராய்ந்து உள்ளவாறு வெளியிடுதல் அரசின் பொறுப்பு. அஞ்சி வினவுவோரை எள்ளாது, பொறுமையுடன் விடையிறுத்தல் கற்றோர் கடன்.